செவலையின் கண்ணிமை

மலையில் நனைந்து ஊறிய குதிரைக் குளம்பைத் தூக்கிப் பிடித்து அடியில் கத்தியால் சுரண்டினால் ஒரு வாடை வரும். ஈரத்தோலும் அழுகிய இலையும் சாணமும் ஒன்றாகக் கலந்த வாடை. கார்பாலிக் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. ஆடி, ஆவணி இரண்டு மாதமும் என் கையில் அது இருந்துகொண்டே இருக்கும். என் மனைவி சோற்றைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வாள். குதிரைக்கார அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது அப்படி ஒரு குளம்புக்கு முன்னால் குனிந்திருந்தபோதுதான். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய காலைப் பார்த்துவிட்டேன். செருப்பில்லாத கால். விரல் இடுக்குகள் எல்லாம் வெளுத்து, வெடித்து, சேற்றுப்புண். நான் மயில்துத்தத்தைப் பொடித்துக் குளம்படிப் பள்ளத்தில் அடைத்து, மேலே தார்போல் கறுத்த கீல் தடவி முடித்ததும் குதிரையின் கழுத்துப் பக்கமிருந்து குரல் வந்தது.

"மிச்சம் இருந்தா எனக்கும் கொஞ்சம் தடவி விடுங்க டாக்டரய்யா. ரெண்டு பேரும் ஒரே பாதையிலதான் நடந்து வந்தோம்."

அது மனுசருக்கு ஆகாத மருந்து, பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். "அங்கன போயி வரிசையில நிக்கிறதுக்கு இன்னொரு நடை மலையேறிட்டு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு, டப்பாவின் விளிம்பில் ஒட்டியிருந்த கீலை விரலால் வழித்து, தானே தடவிக்கொண்டார். நாற்பது வருடத்துக்கும் மேலாகிவிட்டது. அந்த விரல் டப்பாவை வழித்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

எழுபதுகளின் பிற்பாதி அது. தேனி அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. மேற்குமலை அடிவாரத்தில், தேவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்துக்கு என்னை மாற்றியிருந்தார்கள். ஊரில் எல்லோருக்கும் அது மாட்டாஸ்பத்திரி. ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு வாகைமரம், அதன் கீழே மாட்டை நிறுத்தும் மரக்கூண்டு. நானும் கம்பவுண்டரும்தான் மொத்த ஆஸ்பத்திரி. மாடும் ஆடும் கோழியும் வருவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். இங்கே கூடவே குதிரையும் வந்தது. அடிவாரத்திலிருந்து மெட்டு என்கிற மலையுச்சிக் கணவாய்க்குப் போக ஒற்றையடிப் பாதைதான். மேலே போனால் எல்லை தாண்டி மலையாளத்துப் பக்கம் முழுக்க ஏலத்தோட்டம். அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், உரம் எல்லாம் மட்டக்குதிரைகளின் முதுகில் ஏறிப் போகும். ஏலக்காய் மூட்டை அதே முதுகில் இறங்கி வரும். பொட்டிப்புரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் குதிரை வைத்துச் சுமை ஓட்டிப் பிழைத்த குடும்பங்கள் இருந்தன. அவற்றில் ஒரு பெண் தானே குதிரையோடு மலையேறியது அக்கா வீட்டில் மட்டும்தான்.

வருடம் எங்களுக்குக் குதிரையின் உடம்பு வழியாகத்தான் நகரும். பங்குனி, சித்திரையில் பச்சைப்புல் தீர்ந்து காய்ந்த சோளத்தட்டை மட்டும் மிஞ்சும். அதைத் தின்றுவிட்டுத் தண்ணீர் போதாமல் வயிறு கட்டிக்கொண்டு, மண்ணில் உருண்டு புரளும் குதிரைகள் வரும். வீரபாண்டித் திருவிழாவுக்குச் சவாரி அடித்துச் சோர்ந்துபோன வண்டிக்குதிரைகளும் அந்த நேரத்தில்தான் வரும். ஆனியில் காற்று கிளம்பும். கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் காற்றை எதிர்த்து சைக்கிள் மிதித்தவர்களுக்குத்தான் அதன் பலம் தெரியும். தூசு விழுந்து கண் சிவந்த குதிரைகள் அப்போது வரும். அடுத்து மலைமேல் மழை வலுக்கும். கீழே சாரல் மட்டும். மேலே நனைந்து, கீழே காய்ந்து, மறுபடி நனைந்து குளம்பு அழுகும். ஐப்பசி, கார்த்திகையில் ஈ. முதுகிலிருந்து ரத்தம் குடிக்கும் பெரிய ஈ. அது கொண்டு வரும் காய்ச்சலில் குதிரை எலும்பும் தோலுமாகிவிடும். ஏலக்காய் எடுப்பு முடிகிற தை, மாசியில் முதுகுப்புண். சேணம் உரசி உரசிச் சதை திறந்திருக்கும். "ஒரு வாரம் சுமை ஏத்தாதீங்க" என்று சொல்லுவேன். அவர்கள் தலையாட்டுவார்கள். மறுநாள் புண்ணின்மேல் கோணியை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டு மலையேறிக்கொண்டிருப்பார்கள். குற்றம் சொல்ல முடியாது. குதிரை படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பும் படுத்துவிடும். முதல் வருடம் எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவது வருடம் அலுப்பு வந்தது. அது வந்த பிறகு போகவேயில்லை.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். குழந்தை இல்லை. கணவர் மலைப்பாதையில் மூட்டை சரிசெய்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவரைக் கீழே கொண்டுவந்தது செவலை என்ற பெட்டைக்குதிரை. இதை எனக்குச் சொன்னவர் கம்பவுண்டர். "கட்டில் தூக்குற பாதையா சார் அது? ஏலமூட்டையை எறக்கிப் போட்டுட்டு அவுகளை அதுல வச்சுக் கட்டித்தான் கொண்டாந்தாக. அந்தம்மாதான் பிடிச்சுக்கிட்டு வந்துச்சு. ஒரு எடத்துலகூட அது கால் இடறலையாம்." அக்கா இதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. கணவர் போன பிறகு குதிரைகளை விற்றுவிடச் சொன்ன உறவுக்காரர்கள் உண்டு. அவர் கணவரின் தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தார். கொழுந்தன் இளவயசுக்காரன், உழைப்பாளி, கொஞ்சம் அவசரக்காரன். மதினிமேல் மரியாதை உள்ளவன். மலையேறும்போது செவலை முன்னால் போகும், மற்றவை அதன் பின்னால் போகும். செவலை நின்றால் எல்லாம் நிற்கும்.

நான் அங்கே போன மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ, ஐப்பசி மழையின்போது கொழுந்தன் ஒரு குதிரையை ஓட்டி வந்தான். சுமை அதிகம் இருந்த பருவம் என்பதால் வெளியூர்ச் சந்தையில் புதிதாக வாங்கி வந்த மட்டம். "சளி பிடிச்சிருக்கு டாக்டரய்யா. மலைக்காத்து ஒத்துக்கல போல" என்றான். ஒரு மூக்கிலிருந்து மட்டும் ஒழுகியது. மஞ்சளாக, பசைபோல, மூக்கு விளிம்பிலேயே காய்ந்து ஒட்டியிருந்தது. பின்னங்காலின் உட்பக்கம் தடவிப் பார்த்தேன். தோலுக்கடியில் கயிறு போட்டமாதிரி தடித்து, இடையிடையே முடிச்சுகள். ஒரு முடிச்சு உடைந்து சீழ் வடிந்தது. கையை எடுத்துவிட்டேன். கல்லூரிப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், படம் பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்ததில்லை. கிளாண்டர்ஸ். குதிரைக்கு வந்தால் மருந்தில்லை. ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கும் குதிரைகளுக்கெல்லாம் பரவும். மனுசருக்கும் ஒட்டும், ஒட்டினால் பிழைப்பது அரிது. கண்டுபிடித்தால் அந்தக் குதிரையைக் கொன்று புதைக்கவேண்டும் என்பது சட்டம்.

"இதோட மூக்கைத் துடைச்சது யாரு?" என்று கேட்டேன்.

"மதினிதான். சேலை முந்தானையால துடைச்சு விடுவாக."

அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு பொட்டிப்புரம் போனேன். அக்கா கொட்டகையில் கொள்ளு அவித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையைக் காட்டச் சொன்னேன். மூட்டைக் கயிறு இழுத்து இழுத்து இரண்டு கையிலும் வெட்டு. பழைய வெட்டின்மேல் புது வெட்டு. காய்ச்சல் வருகிறதா, மூட்டு வலிக்கிறதா, மூச்சு எடுக்கச் சிரமமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "மூட்டு என்னைக்குத்தான் வலிக்கல?" என்றார். நோயைப் பற்றி விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அடுப்பை அணைத்தார். கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். அந்த முந்தானைச் சேலையை அன்றே எரித்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

புது மட்டக்குதிரையைக் கொன்று புதைத்தாகிவிட்டது. அதற்கு அழுதவர் யாருமில்லை. வந்து சில வாரமே ஆன குதிரை. ஆனால் அது மற்றவற்றோடு ஒரே கொட்டகையில் நின்றிருந்தது, ஒரே வாளியில் வாய் வைத்திருந்தது. மதுரைக்குத் தகவல் அனுப்பினேன். மேலதிகாரி ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு, எல்லாக் குதிரைக்கும் சோதனை போடவேண்டும், அதுவரை ஒன்றுகூட மலையேறக் கூடாது என்று சொல்லிப் போனார். சோதனை மருந்து எங்கிருந்தோ ஐஸ் பெட்டியில் வந்தது. கீழ்க்கண்ணிமையின் தோலுக்குள் மெல்லிய ஊசியால் ஒரு சொட்டு ஏற்றவேண்டும். நோய் உள்ளே ஒளிந்திருந்தால் இரண்டாம் நாள் இமை வீங்கி, கண்ணை மூடிக்கொண்டு சீழ் கட்டும். இல்லையென்றால் ஒன்றும் ஆகாது. ஏலக்காய் எடுப்பு உச்சத்தில் இருந்த நேரம். தோட்டக்காரர்கள் ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அக்கா எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார்: "டாக்டரய்யா சொல்லட்டும்."

இரண்டாம் நாள் காலை கொட்டகைக்குள் போனேன். ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பிப் பார்த்தேன். சுத்தமான கண்கள். பெரிய, ஈரமான, என்னைச் சட்டை செய்யாத கண்கள். எனக்கு மூச்சு லேசாகிக்கொண்டே வந்தது. செவலை கடைசியில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றது. அக்கா அதன் கழுத்தில் கைவைத்துத் திருப்பினார். இடது கண் திறக்க முடியாமல் இமை எலுமிச்சம்பழம்போல வீங்கியிருந்தது. ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு இறங்கியிருந்தது.

வேறு எந்தக் குறியும் இல்லை. மூக்கு காய்ந்து சுத்தமாக இருந்தது. ரோமம் பளபளத்தது. கொள்ளை மிச்சம் வைக்காமல் தின்றிருந்தது.

"கண்ணுல ஊசி குத்தினா வீங்காம என்ன செய்யும்?" என்றார் அக்கா. குரலில் கோபமில்லை. "எனக்குக் குத்தினாலும் வீங்கும்."

"மத்ததுக்கும் அதே ஊசிதான்க்கா குத்தினேன்."

அவர் மற்ற குதிரைகளை ஒருமுறை பார்த்தார்.

மேலதிகாரியிடம் கெஞ்சி, இன்னொரு முறை மறுகண்ணில் சோதித்துப் பார்க்க அனுமதி வாங்கினேன். இடையில் சில வாரம் விடவேண்டும். அதுவரை செவலையை அக்காவின் தோட்டத்துக் கிணற்றடியில் இருந்த பழைய கூரைச் சாளையில் தனியாகக் கட்டிவைத்தோம். அந்த நாட்களில் அக்காவை அடிக்கடி பார்த்தேன். ரப்பர் உறை மாட்டாமல் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரி உறை அவர் கைக்குப் பெரியது. விரல் நுனிகள் காலியாகத் தொங்கும். அந்தத் தொங்குகிற விரல்களோடு புல் போடுவார், சாணம் அள்ளுவார். அள்ளிய சாணத்தைக் குழிதோண்டிப் புதைப்பார். திரும்பி வந்து மற்ற குதிரைகளுக்கு வேறு வாளி, வேறு கயிறு. வேலை இரண்டு மடங்காகி, வருமானம் முழுக்க நின்றுபோயிருந்தது. ஒருநாள் சாளைச் சுவரில் சாய்ந்தபடி நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தார். செவலையும் ஒரு காலை மடக்கி நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பாமல் வந்துவிட்டேன்.

வலது கண்ணும் வீங்கியது.

உத்தரவு வந்தது. மறுநாள் காலை என்று முடிவாயிற்று. ஊருக்கு வெளியே, சாளைக்குப் பக்கத்துத் தரிசில் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு மூட்டைகளை இறக்கிவைத்திருந்தார்கள். அன்று சாயங்காலம் கொழுந்தன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நல்லாத்தான இருக்கு அது? ஓடுது, திங்குது. உங்க கண்ணுக்கு மட்டும் சீக்கு தெரியுதா?" என்றான். "எங்கண்ணனைச் சுமந்து வந்த குதிரை சார்."

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுமா?"

சொல்வதற்கு என்னிடம் இருந்ததெல்லாம் புத்தகத்தில் இருந்தது. அவன் கொஞ்சநேரம் வாகைமரத்தடியில் நின்றுவிட்டுப் போய்விட்டான்.

காலையில் கம்பவுண்டரும் நானும் மருந்துப் பெட்டியோடு போனபோது சாளை காலியாக இருந்தது. முளைக்குச்சி மட்டும் இருந்தது. அக்காவும் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கு வந்தாள். "விடியறதுக்குள்ள கொழுந்தன் செவலையை மெட்டுப் பாதையில ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். மேல மலையாளத்தான் யாரோ வாங்கிக்கிறேன்னு சொன்னானாம். இவ சாளையில வந்து பாத்துட்டு அப்படியே பின்னாடி போயிட்டா. ஒரு வாய் கஞ்சி குடிக்கல" என்றாள்.

நாங்கள் குழியடிக்குத் திரும்பி வந்து காத்திருந்தோம். குழி வெட்டியவர்கள் மண்வெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார்கள். மலை தெரியவில்லை, மேகம் அடிவாரம்வரை இறங்கியிருந்தது. கம்பவுண்டர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "வரமாட்டாக சார். வந்தாலும் கையை வீசிக்கிட்டுத்தான் வருவாக. எழுதி அனுப்பிட்டு நாம கெளம்பலாம்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. குதிரை எல்லை தாண்டிவிட்டால் அது என் கையை விட்டுப் போய்விடும். நான் கொல்லவேண்டியதில்லை. ஆனால் மேலே தோட்டங்களில் நிற்கும் குதிரைகள் நினைவுக்கு வந்தன. அவற்றின் மூக்கைத் துடைத்துவிடும் கைகளும் நினைவுக்கு வந்தன. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக் களைத்துப்போய், ஒன்றையும் நினைக்காமல் சுண்ணாம்பு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். சாரல் விழத் தொடங்கியதும் மூட்டைகளின்மேல் சாக்கைப் போட்டு மூடினோம்.

மத்தியானம் தாண்டி, மேகத்துக்குள்ளிருந்து முதலில் குதிரைதான் வெளிப்பட்டது. அதன் பின்னால், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அக்கா. முழங்கால்வரை சேறு. தலைமயிர் முகத்தில் ஒட்டியிருந்தது. வெகுதூரம் பின்னால் கொழுந்தன், தலையைக் குனிந்தபடி வந்துகொண்டிருந்தான். அக்கா எங்களிடம் வந்ததும் கயிற்றைக் கம்பவுண்டரிடம் நீட்டிவிட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்சநேரம் மூச்சு வாங்கியது.

"மெட்டுக்கு மேல போயித்தான் பிடிச்சேன்" என்றார். "தோட்டத்துத் தொட்டிப் பக்கம் கொண்டு போயிட்டான். அங்கன நம்ம மாதிரி ஏழெட்டுப் பேரோட குதிரை நிக்கிது, எல்லாம் அந்தத் தொட்டியிலதான் குடிக்கும். செவலை வாயைக் கொண்டு போகுது, நான் கயித்தைப் பிடிச்சு இழுத்துட்டேன். மலையேறி வந்த தாகம் அதுக்கு. என்னையும் சேத்து இழுத்துச்சு. விடலை." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கயிறு அறுத்துச் சிவந்திருந்தது. "இவன்கிட்ட கேட்டேன், உங்கண்ணன் இருந்தா இந்தத் தொட்டியில வாய் வைக்க விடுவாகளான்னு. பின்னாடியே வந்துட்டான்."

நான் கார்பாலிக் தண்ணீர் கலந்து அவர் கையைக் கழுவிவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"சீக்கிரம் செஞ்சு விட்டுருங்க டாக்டரய்யா. இன்னொரு தடவை என்னால ஏறி எறங்க முடியாது."

மருந்துப் பெட்டியைத் திறந்தேன். அப்போது அவர், "செத்த இருங்க" என்றார். எழுந்து கிணற்றடிக்குப் போய், செவலைக்கென்று ஒதுக்கிவைத்திருந்த வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். "காலையில இருந்து ஒரு மடக்கு குடிக்கல. அங்கனயும் குடிக்க விடல. வழியில ஓடையிலயும் விடல, கீழ யாரு வாய் வைப்பாகளோன்னு."

செவலை தலையை வாளிக்குள் விட்டது. உறிஞ்சும் சத்தமும், தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது கழுத்தின் அடியில் ஓடும் அசைவும். வாளி தீர்ந்தது. இன்னொரு வாளி கொண்டுவந்தார். அதிலும் பாதி குடித்தது. மூக்கை எடுத்து, உதட்டிலிருந்து தண்ணீர் சொட்ட, வீங்கிய இமைக்குள்ளிருந்து எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தது. குழி வெட்ட வந்தவர்களில் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றார். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. இன்னும் குடிக்கட்டும் என்றுதான் நானும் நின்றேன்.

குழியோரம் நடத்திக்கொண்டு போனோம். முதலில் மயக்கத்துக்கு ஒன்று, அது கிறங்கி மடிந்ததும் கழுத்து நரம்பில், இதயத்தை நிறுத்தும் அளவுக்குக் கெட்டியான பேதி உப்புக் கரைசல். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது அவ்வளவுதான். தலையை யார் பிடிப்பது என்ற கேள்வியே எழவில்லை. அக்கா அந்தப் பெரிய உறைகளை மாட்டிக்கொண்டு தலைக்கயிற்றைப் பிடித்தார். "நட, நட, அம்புட்டுத்தான், அந்தா வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஏற்றத்தில் சுமையோடு போகும் குதிரையிடம் கடைசி வளைவில் சொல்லுகிற பேச்சு அது. முன்னங்கால் மடங்கியபோதும் நிறுத்தவில்லை. நான் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்து தலையசைத்த பிறகுதான் நிறுத்தினார். பிறகு தலைக்கயிறு, கழுத்துமணி, வாளி, உறை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் குழிக்குள் போட்டார். சுண்ணாம்பு கொட்டி மூடும்போது கொழுந்தன் வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டான்.

அந்தப் பருவம் முழுக்க மற்ற குதிரைகள் கொட்டகையிலேயே நின்றன. தோட்டக்காரர்கள் வேறு ஆட்களுக்குச் சுமையைக் கொடுத்துவிட்டார்கள். தையில் மறுபடி சோதித்தேன். எல்லாக் கண்களும் தெளிவாக இருந்தன. அக்காவுக்கும் எதுவும் வரவில்லை. ஒவ்வொரு முறை அவர் இருமியபோதும் எனக்குத் திக்கென்றிருந்தது. அதை அவரிடம் சொன்னதில்லை. கொழுந்தன் மதினியிடம் பேசுவதை நிறுத்திவிட்டான் என்று கம்பவுண்டர் சொன்னார். அவன் ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டு சின்னமனூருக்குப் போய்விட்டான். மேகமலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போனான். அக்கா மிச்சக் குதிரைகளைத் தனியாக ஓட்டினார். முன்னால் போகச் செவலை இல்லாமல் அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றதால், முதல் கொஞ்சநாள் அவரே எல்லாவற்றுக்கும் முன்னால் நடந்தாராம். ஆடியில் குளம்பைக் காட்ட வந்தார். அதே கால், அதே புண். "என்ன செய்யுது டாக்டரய்யா, நல்லாயிருக்கீகளா?" என்று என்னைத்தான் முதலில் விசாரித்தார். அதற்கடுத்த வருடம் எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

வேறு வேறு ஊர்களில் வேலை பார்த்தேன். பிறகு குதிரை அதிகம் பார்க்கவில்லை. மாடு, மறுபடி மாடு, கோழிப்பண்ணை, அலுவலகம், கூட்டம். ஓய்வு பெற்ற பிறகு முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கிறேன். போன வருடம் ஒரு கல்யாணத்துக்காகச் சின்னமனூர் போனபோது, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பேச்சோடு பேச்சாக, தன் பெரியம்மா ஒருகாலத்தில் குதிரை ஓட்டியவர் என்றார். சோற்றை அளைந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அவர் கொழுந்தனின் மகன். அக்கா அவர்கள் வீட்டில்தான் இருந்தார். கண் பார்வை மங்கி, மலையேற முடியாமல் போனபோது கொழுந்தனே ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவந்துவிட்டாராம். அதற்கு முன்பு அவர்கள் எப்போது பேசிக்கொண்டார்கள், என்ன பேசிக்கொண்டார்கள் என்று மகனுக்குத் தெரியவில்லை.

சாப்பிட்டுவிட்டு அவரோடு போனேன். கூடத்தில் ஒரு கட்டிலில் கொழுந்தன் படுத்திருந்தார். கிழவராகியிருந்தார், காது முழுக்கப் போய்விட்டதாம். அக்கா கீழே பாயில், சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். உடம்பு சிறுத்துவிட்டது. கால் மட்டும் அதே கால், அகலமாக, விரல்கள் விரிந்து. குரலைக் கொண்டு என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"மாட்டாஸ்பத்திரி டாக்டரய்யாவா? உசுரோடவா இருக்கீக?"

"இருக்கேன்க்கா."

"நானும் இருக்கேன் பாருங்க" என்று சிரித்தார். காப்பி வந்தது. என் மனைவியைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, கம்பவுண்டரைப் பற்றி விசாரித்தார். கம்பவுண்டர் போய்விட்டார் என்றதும் உச்சுக்கொட்டினார். வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. நான் கிளம்பலாம் என்று கையை ஊன்றியபோது கேட்டார்.

"அந்தச் சீக்கு அதுக்குப் பெறகு இந்தப் பக்கம் வந்துச்சா?"

எனக்குத் தெரிந்தவரையில் வரவில்லை. அதைச் சொன்னேன். "மேலயும் கீழயும் எங்கயும் வரலக்கா. அதோட நின்னு போச்சு."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். அவ்வளவோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்து எக்கி, படுத்திருந்தவரின் காதருகே வாயைக் கொண்டுபோய், உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினார்.

"ஏலே! வரலையாம்ல!"

கிழவர் கண்ணைத் திறந்து, "யாரு வரல?" என்றார்.

அக்கா மறுபடி கத்த வாயெடுத்தார். மூச்சு எட்டவில்லை. பிறகு கையை நீட்டி, அவர் மார்பில் சரிந்திருந்த போர்வையை இழுத்து மூடிவிட்டார்.

"ஒண்ணுமில்லப்பா" என்றார். "படு."